கைக்குள் ஓடும் கயிறு

1. உழைக்கும் கைகள்

கேரளத்தின் தலைநகரம் திருவனந்தபுரம். அங்கே பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிக் கோட்டைப் பகுதி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருப்பது ஸ்ரீவராகம். வராக மூர்த்தி கோயில் இங்கே இருக்கிறது. கோயிலுக்குப் பெரிய குளமும் உண்டு. கொஞ்ச தூரத்தில் சாலை பஜார். அங்கே தமிழ் பேசும் வியாபாரிகள் பல தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கிறார்கள்.

காலையில் இந்தத் தெருக்களில் நடந்தால் கைகள்தான் கண்ணில் படும். ஒருவர் இளநீர் சீவுகிறார். ஒரு அம்மா மீன் அரிகிறார். தையற்காரர் துணி வெட்டுகிறார். பூக்காரம்மா பூக் கட்டுகிறார். தச்சர் மரம் இழைக்கிறார்.

இவர்களுக்குக் கைதான் முதல். கை நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் அடுப்பு நிற்கும்.

கையில் கத்தி பட்டால் எல்லாரும் என்ன பார்க்கிறார்கள்? ரத்தம் எவ்வளவு போயிற்று என்று பார்க்கிறார்கள். ரத்தம் நின்றால் கவலையும் நின்றுவிடுகிறது. ஆனால் தோலுக்கு அடியில் இன்னொன்று அறுந்திருக்கலாம். அது அறுந்தால் அதிகம் ரத்தம் வராது. சில நேரம் பெரிய வலியும் இருக்காது. ஆனால் விரல் மடங்காது.

அது என்ன? அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

2. செய்து பாருங்கள்

இடது கையை மேசைமேல் வையுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். முழங்கைக்குச் சற்றுக் கீழே, சதைப்பிடிப்பான இடத்தில் வலது கையை வையுங்கள். இப்போது இடது கை விரல்களை இறுக மடக்குங்கள். விரியுங்கள். மறுபடி மடக்குங்கள்.

வலது கைக்குக் கீழே ஏதோ அசைகிறது அல்லவா? அதுதான் தசை.

மடங்குவது விரல். ஆனால் அசைவது முழங்கைக்குப் பக்கத்தில் உள்ள தசை! இது எப்படி?

விரலுக்குள் அதை மடக்கும் தசை இல்லை. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற ஒன்று புறப்படுகிறது. அது மணிக்கட்டு வழியாகப் போகிறது. உள்ளங்கையைக் கடக்கிறது. விரல் எலும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. தசை சுருங்கினால் கயிறு இழுபடும். கயிறு இழுபட்டால் விரல் மடங்கும்.

பொம்மலாட்டம் பார்த்திருப்பீர்கள். ஆட்டுபவர் மேலே நிற்பார். பொம்மை கீழே ஆடும். நடுவில் நூல் இருக்கும். நம் கையும் அப்படித்தான். ஆட்டுவது தசை. ஆடுவது விரல். நடுவில் உள்ள நூலுக்குப் பெயர் தசைநாண்.

வில்லில் கட்டிய கயிற்றை நாண் என்கிறோம். தசையின் நாண் தசைநாண்.

3. பெயரில் ஒரு குழப்பம்

"கையில் நரம்பு அறுந்துபோச்சு" என்று பலரும் சொல்வார்கள். நீலமாகத் தெரியும் ரத்தக் குழாயையும் நரம்பு என்பார்கள். வெள்ளையாகக் கயிறுபோல் இருப்பதையும் நரம்பு என்பார்கள். ஆனால் இவை வேறு வேறு.

ரத்தக் குழாயில் ரத்தம் ஓடும். அது அறுந்தால் ரத்தம் பீறிடும்.

நரம்பு மூளையின் செய்தியைக் கொண்டுபோகும். தொடு உணர்வை மூளைக்குக் கொண்டுவரும். அது அறுந்தால் விரல் மரத்துப்போகும்.

தசைநாண் தசையையும் எலும்பையும் இணைக்கும். அது அறுந்தால் அசைவு போகும்.

இன்னும் ஒன்று உண்டு. எலும்பையும் எலும்பையும் கட்டி வைப்பது பிணைநார். கால் பிசகினால், பெரும்பாலும் காயப்படுவது கணுக்காலில் உள்ள பிணைநார்தான்.

மணிக்கட்டு வழியாகச் செல்லும் பாதையை எண்ணிப் பாருங்கள். கட்டை விரல் தவிர மற்ற நான்கு விரல்களுக்கும் மடக்கும் நாண்கள் இரண்டு இரண்டு. மொத்தம் 8. கட்டை விரலுக்கு 1. ஆக 9 நாண்கள். இவற்றோடு ஒரு பெரிய நரம்பும் போகிறது. இத்தனையும் ஒரே குறுகிய வழியில் போகின்றன. அதனால்தான் மணிக்கட்டில் ஒரு சிறு வெட்டுக்கூட ஆபத்தானது.

4. கயிறு திரிப்பது போல

திருவனந்தபுரம் மாவட்டத்தில் அஞ்சுதெங்கு என்று ஒரு கடற்கரை ஊர் உண்டு. தேங்காய் நார்க் கயிற்றுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே கயிறு எப்படி உருவாகிறது? மட்டையை நீரில் ஊற வைப்பார்கள். அடித்து நார் எடுப்பார்கள். நாரைத் திரித்துப் புரி ஆக்குவார்கள். புரிகளைச் சேர்த்து முறுக்கிக் கயிறு ஆக்குவார்கள்.

ஒரு நாரை விரலால் அறுத்துவிடலாம். கயிற்றை அறுக்க முடியாது. அது தோணியையே கட்டி நிறுத்தும்.

தசைநாணின் அமைப்பும் இதே போன்றதுதான். அதில் நார்போல் இருப்பது கொல்லாஜன் என்ற புரதம். மெல்லிய கொல்லாஜன் இழைகள் சேர்ந்து கற்றை ஆகின்றன. சிறு கற்றைகள் சேர்ந்து பெரிய கற்றை ஆகின்றன. எல்லாவற்றையும் ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. இழைகள் எல்லாம் ஒரே திசையில், இழுக்கும் திசையில் ஓடுகின்றன. வலிமைக்குக் காரணம் அதுதான்.

சும்மா இருக்கும்போது இந்த இழைகள் சற்று நெளிந்திருக்கும். இழுத்தால் நெளிவு நிமிரும். அதனால் திடீரென்று இழுத்தாலும் நாண் சட்டென்று அறுவதில்லை. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. 100 பங்கில் ஏறத்தாழ 4 பங்கு நீளலாம். அதற்கு மேல் இழுத்தால் உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறத் தொடங்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். குதிகாலுக்கு மேலே உள்ள நாண் ஏறத்தாழ 15 செ.மீ. நீளம். அதாவது 150 மி.மீ. அதில் 100-க்கு 4 என்றால் 6 மி.மீ. ஒரு விரல் அகலம்கூட இல்லை. அவ்வளவுதான் அது நீளலாம்.

விரலில் நாண் ஓடும் இடத்தில் சிறு வளையங்கள் உண்டு. தூண்டில் கழியில் நரம்பு ஓட வளையம் வைத்திருப்பார்கள் அல்லவா? அதுபோல. வளையம் இல்லாவிட்டால், விரலை மடக்கும்போது நாண் எலும்பை விட்டு விலகித் தூக்கிக்கொள்ளும். நாணைச் சுற்றி வழுவழுப்பான நீர் இருக்கிறது. அது எண்ணெய்போல் உதவுகிறது. நாண் அந்த உறைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

தசை சிவப்பாக இருக்கும். அதில் ரத்தம் நிறைய ஓடுகிறது. தசைநாண் வெள்ளையாக இருக்கும். அதில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் தசைக் காயம் சீக்கிரம் ஆறும். நாண் காயம் மெதுவாகத்தான் ஆறும். இதை மறக்கக் கூடாது.

5. இளநீர்க் கடையில் ஒரு நாள்

இப்படி ஒன்று நடந்ததாக நினைத்துப் பாருங்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர் ஒருவர். ஸ்ரீவராகத்தில் இளநீர்க் கடை வைத்திருக்கிறார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். சீவும்போது அரிவாள் வழுக்கிவிட்டது. இடது கைச் சுண்டுவிரல் அடியில் வெட்டு. காப்பித்தூளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டார். ரத்தம் நின்றது. மறுபடி அரிவாளை எடுத்தார்.

அந்த வழியாக ஆஷா பணியாளர் வந்தார்.

"அண்ணாச்சி, கையில என்ன கட்டு?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. சின்ன வெட்டு. ரத்தம் நின்னுபோச்சு."

"விரலை மடக்குங்க, பார்ப்போம்."

அண்ணாச்சி மடக்கினார். மூன்று விரல்கள் மடங்கின. சுண்டுவிரல் மட்டும் நீட்டியபடியே நின்றது.

"வலி இருக்கா?"

"பெருசா இல்ல. ஆனா மடங்க மாட்டேங்குது. ரெண்டு நாள் போனா சரியாயிடும்."

"சரியாகாது அண்ணாச்சி. உள்ளே நாண் அறுந்திருக்கு. தோல் மூடிக்கும். விரல் மடங்காது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"கடையை யாரு பாக்கிறது?"

"இன்னைக்கு ஒரு நாள் கடையை மூடுங்க. இல்லாட்டி நாளைக்கு அரிவாளைப் பிடிக்க முடியாது."

அண்ணாச்சி சற்று நேரம் விரலையே பார்த்தார். பிறகு கடையை மூடினார்.

ஆஷா பணியாளர் சொன்னது ஏன் சரி? நாண் அறுந்ததும் தசை சுருங்குகிறது. அறுந்த முனையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கிணற்றுக் கயிறு அறுந்தால் வாளி உள்ளே போய்விடும். அதுபோல நாணின் முனை உள்ளங்கைக்குள் போய்விடும். இரண்டு முனைகளும் தாமாகச் சந்திக்காது. ஒரு மருத்துவர் தேடிப்பிடித்துத் தைக்க வேண்டும்.

முதல் சில நாட்களில் தைப்பது எளிது. பல வாரங்கள் போனால் தசை சுருங்கியே இறுகிவிடும். முனைகளை இழுத்துச் சேர்க்க முடியாது. அப்போது வேறோர் இடத்திலிருந்து நாண் எடுத்து நடுவில் ஒட்டுப்போட வேண்டும். அது பெரிய வேலை.

6. வெட்டுப்பட்டால் செய்ய வேண்டியவை

சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள்.

மோதிரம், வளையல் இருந்தால் உடனே கழற்றுங்கள். வீங்கியபின் கழற்ற முடியாது.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் போடாதீர்கள். காயத்தில் கிருமி சேரும். மருத்துவர் உள்ளே பார்ப்பதும் கடினமாகும்.

ரத்தம் நின்றதும் மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று: ஒவ்வொரு விரலும் மடங்குகிறதா?

இரண்டு: ஒவ்வொரு விரலும் நிமிர்கிறதா?

மூன்று: விரல் நுனியைத் தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா?

மெதுவாக அசைத்தால் போதும். பலம் கொடுத்துச் சோதிக்கக் கூடாது. நாண் பாதி அறுந்திருந்தால், பலம் கொடுக்கும்போது முழுவதும் அறுந்துபோகும். கை சும்மா இருக்கும்போதும் பாருங்கள். மற்ற விரல்கள் சற்று வளைந்திருக்கும்போது ஒரு விரல் மட்டும் நேராக நின்றால், அது நாண் அறுந்ததற்கு அடையாளம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் வெட்டு ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பாதி அறுந்த நாணும் விரலை மடக்கும். பிறகு ஒருநாள் வேலை செய்யும்போது முழுதாக அறும். வெட்டுக்காயம் என்றால் டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான அறுவை மருத்துவர்கள் உண்டு. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951-ல் தொடங்கியது. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது. அவசர ஊர்திக்குக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 108 என்ற எண்ணை அழைக்கலாம்.

7. நாண் எப்படி ஆறுகிறது?

தைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி ஆறுவதில் இருக்கிறது. நாண் மூன்று கட்டமாக ஆறுகிறது.

முதல் கட்டம்: ஏறத்தாழ முதல் வாரம். காயம் பட்ட இடம் வீங்கும். ரத்தத்திலிருந்து அணுக்கள் வந்து கெட்டுப்போனதைச் சுத்தம் செய்யும். வீடு கட்டுமுன் இடிபாடுகளை அள்ளுவது போல. இப்போது நாணைத் தாங்குவது தையல் நூல் மட்டுமே.

இரண்டாம் கட்டம்: ஏறத்தாழ ஆறு வாரம் வரை. புதிய கொல்லாஜன் இழைகள் உருவாகும். ஆனால் அவை ஒழுங்காக இருக்காது. குவித்துப்போட்ட நார்போல் தாறுமாறாக இருக்கும். வெளியே காயம் ஆறிவிடும். கை நன்றாகிவிட்டது என்று தோன்றும். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். குடம் தூக்குகிறார்கள். நாண் அறுந்துவிடுகிறது.

மூன்றாம் கட்டம்: ஆறு வாரத்துக்குப் பிறகு பல மாதங்கள். ஓர் ஆண்டுகூட ஆகலாம். தாறுமாறான இழைகள் மெல்ல மெல்ல இழுக்கும் திசையில் வரிசையாகின்றன. நார் கயிறாகிறது.

அப்படியானால் கையை அசைக்காமலே வைத்திருக்கலாமா? அதுவும் கூடாது. முன்பு அப்படித்தான் வைத்தார்கள். அப்போது நாண் தன் உறையோடு ஒட்டிக்கொண்டது. நாண் சேர்ந்தது. ஆனால் வழுக்கி ஓடவில்லை. விரல் மரக்கட்டைபோல் நின்றது. உள்ளங்கைக்கும் விரலின் நடுப்பகுதிக்கும் இடையே நாண் அறுந்தால் உடனே தைக்கவே மருத்துவர்கள் அஞ்சினார்கள். அந்த இடத்தை 'யாரும் நுழையாத நிலம்' என்று அழைத்தார்கள்.

1967-ல் அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு கிளைனெர்ட்டும் அவருடைய குழுவினரும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அந்த இடத்திலும் உடனே தைக்கலாம். தைத்தபின் கட்டுக்குள்ளேயே விரலைக் கட்டுப்பாடாக அசைக்கலாம். அப்படிச் செய்தால் நாண் ஒட்டிக்கொள்ளாது. நல்ல பலன் கிடைக்கும். இன்று உலகம் எங்கும் இந்த வழிதான்.

அசைத்தால் அறும். அசைக்காவிட்டால் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. எந்த விரலை, எவ்வளவு, எத்தனை முறை அசைக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். அவர் சொன்னபடி செய்ய வேண்டும். குறைக்கவும் கூடாது. கூட்டவும் கூடாது. பொதுவாக ஆறு வாரம்வரை கட்டு இருக்கும். கனமான வேலைக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை கட்டைத் தாமாகக் கழற்றக் கூடாது.

குடும்பத்தினர் உதவி இங்கே மிகவும் தேவை. தலை சீவ, சாப்பிட, துணி உடுக்க ஒரு கை வேண்டும். "இன்னுமா கட்டு?" என்று யாரும் கேட்கக் கூடாது.

புகை பிடித்தால் நாண் ஆறுவது தாமதமாகும். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்காவிட்டாலும் தாமதமாகும்.

8. வேலூரில் மாற்றிக் கட்டிய நாண்கள்

நாணைத் தைக்கலாம். அதை இடம் மாற்றியும் கட்டலாம். இதை உலகுக்குப் பெரிய அளவில் செய்து காட்டிய ஊர்களில் ஒன்று தமிழ்நாட்டின் வேலூர்.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். ஆங்கிலேயக் குடும்பம். லண்டனில் மருத்துவம் படித்தார். 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1947-ல் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே பலருடைய விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கி இருந்தன. நிமிர்த்த முடியவில்லை. சோற்றைப் பிசைந்து உண்ணவும் முடியவில்லை.

பிராண்ட் ஒருவரிடம் தம் கையைக் கொடுத்தார். இறுகப் பிடிக்கச் சொன்னார். அவர் பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலித்தது! செயலிழந்த கை என்று எல்லாரும் நினைத்த கையில் அவ்வளவு பலம் இருந்தது.

அதற்குக் காரணம் என்ன? தொழுநோய் சில நரம்புகளைக் கெடுக்கிறது. உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரலைச் சரியாக நிமிர்த்த அவை தேவை. ஆனால் முன்கையில் உள்ள பெரிய தசைகள் நன்றாகவே இருந்தன.

முன்பு படித்தது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு விரலுக்கும் மடக்கும் நாண்கள் இரண்டு. ஒன்று போதும். மற்றதை எடுக்கலாம். 1940-களின் இறுதியில் வேலூரில் அந்த வேலை தொடங்கியது. ஒரு விரலின் இரண்டு நாண்களில் ஒன்றை எடுத்தார்கள். அதைப் பல இழையாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு இழையையும் ஒவ்வொரு விரலின் பக்கவாட்டில் கொண்டுபோய்த் தைத்தார்கள். செயலிழந்த தசையின் வேலையை நல்ல தசை செய்யத் தொடங்கியது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

அதன் பிறகும் பயிற்சி வேண்டியிருந்தது. நாணின் வேலை மாறிவிட்டது. மூளைக்கு அது புதிது. நோயாளி நாள்தோறும் பழகிப் பழகி மூளைக்குச் சொல்லித்தர வேண்டும். பொறுமையாகப் பழகியவர்கள் கரண்டி பிடித்தார்கள். உளி பிடித்தார்கள். பேனா பிடித்தார்கள்.

இந்தப் பணியில் கேரளத்துப் பெண் ஒருவரும் இருந்தார். அவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1925-ல் கொச்சிக்கு அருகில் உள்ள செராயில் பிறந்தவர். வேலூரில் படித்தார். 1954-ல் ஒரு வாகன விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அவரால் நிற்க முடியவில்லை. ஆனால் கைகள் நன்றாக இருந்தன. கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்தினார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இன்று தொழுநோய்க்கு நல்ல மருந்து உண்டு. தேமல்போன்ற உணர்ச்சியற்ற படை தெரிந்தவுடன் மருந்து சாப்பிட்டால் கை கால் முடங்குவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

இன்னொரு சோதனை செய்யுங்கள். கட்டை விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துத் தொடுங்கள். மணிக்கட்டைச் சற்று உள்ளே மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு கயிறு புடைத்து நிற்கும். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. இல்லாதவருக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் ஒட்டுப்போட நாண் தேவைப்பட்டால் மருத்துவர்கள் பெரும்பாலும் இதை எடுக்கிறார்கள். உடலே ஓர் உதிரிக் கயிறு வைத்திருக்கிறது!

9. குதிகாலில் உள்ள பெரிய நாண்

கையிலிருந்து காலுக்கு வருவோம். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். தடித்த கயிறு ஒன்று இருக்கும். உடலிலேயே வலிமையான நாண் இதுதான். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கிறது. ஓடும்போது உடல் எடையைப்போல் ஆறு மடங்குக்கும் மேலான சுமை இதன்மேல் விழும். 60 கிலோ எடையுள்ளவர் ஓடினால் 360 கிலோவுக்கு மேல்!

கிரேக்க நாட்டுக் கதையில் அக்கிலீஸ் என்ற வீரன் வருகிறான். அவன் உடலில் எந்த ஆயுதமும் பாயாது. குதிகால் ஒன்றுதான் அவனுக்குப் பலவீனமான இடம். அவன் பெயரையே இந்த நாணுக்கு வைத்திருக்கிறார்கள்.

பல நாள் ஓடாதவர் திடீரென்று ஓடினால் இந்த நாண் அறுந்துபோகலாம். 'டப்' என்று சத்தம் கேட்கும். யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அந்தக் காலால் நுனிக்கால் ஊன்றி நிற்க முடியாது. இதற்கு எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிலருக்குக் கட்டு போதும். சிலருக்குத் தைக்க வேண்டும்.

அறுபடாமலே வலிப்பதும் உண்டு. ஒரே வேலையை ஓய்வில்லாமல் செய்தால் நாண் தேயும். துணி பிழிபவருக்கு முழங்கையில் வலி வருவது இதனால்தான். சில நாள் வேலையைக் குறைக்க வேண்டும். ஆனால் முழு ஓய்வு மட்டும் போதாது. சிறிது சிறிதாகப் பயிற்சி கொடுத்தால்தான் நாண் பலம்பெறும். 1998-ல் சுவீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் இதைக் காட்டினார். குதிகால் நாண் வலியால் ஓட முடியாதிருந்த 15 பேருக்குக் குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி கொடுத்தார். 12 வாரம் செய்தார்கள். 15 பேரும் மறுபடி ஓடினார்கள்.

ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் உள்ள கிழக்குக் கோட்டையில் சி.வி.என். களரி இருக்கிறது. 1956-ல் தொடங்கியது. அங்கே களரிப்பயற்று கற்றுத்தருகிறார்கள். களரியில் முதல் நாளே யாரும் உயரத் துள்ளுவதில்லை. முதலில் மெய்ப்பயிற்சி. காலை வீசுவது, குனிவது, நிமிர்வது. பிறகுதான் கம்பு. அதன் பிறகுதான் வாள். இந்த ஒழுங்கில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. தசை சில வாரங்களில் பலம்பெறும். நாண் பலம்பெறச் சில மாதங்கள் ஆகும். அவசரப்படுபவரின் தசை நாணைவிட வலிமையாகிவிடும். அப்போது காயப்படுவது நாண்தான்.

மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்குவதிலும் கவனம் வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில கிருமிக்கொல்லி மாத்திரைகள் சிலருக்கு நாணைப் பலவீனப்படுத்தும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-ல் இதுபற்றிக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து அதிகம். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் சாப்பிடுங்கள். சாப்பிடும்போது குதிகாலில் வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

10. நினைவில் கொள்ளுங்கள்

ரத்தம் நின்றதா என்று மட்டும் பார்க்காதீர்கள். விரல் மடங்குகிறதா என்றும் பாருங்கள்.

அறுந்த நாண் தானாகச் சேராது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

தோல் ஆறியது வேறு. நாண் ஆறியது வேறு.

கட்டைத் தாமாகக் கழற்றாதீர்கள். பயிற்சியையும் விடாதீர்கள்.

சொல்லும் பொருளும்

தசைநாண் – தசையை எலும்போடு இணைக்கும் கயிறு

பிணைநார் – எலும்பை எலும்போடு கட்டும் நார்

புரி – கயிற்றின் ஓர் இழைக் கற்றை

முன்கை – முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதி

கேள்விகள்

1. விரலை மடக்கும் பெரிய தசைகள் எங்கே இருக்கின்றன?

2. நரம்பு அறுந்தால் என்ன ஆகும்? தசைநாண் அறுந்தால் என்ன ஆகும்?

3. நாண் காயம் ஏன் மெதுவாக ஆறுகிறது?

4. தைத்த விரலை அசைக்காமலே வைத்திருந்தால் என்ன நடக்கும்?

5. வேலூரில் எந்த நாணை எடுத்து மாற்றிக் கட்டினார்கள்? அதை எடுத்தும் விரல் ஏன் கெடவில்லை?

6. உங்கள் தெருவில் கத்தி, அரிவாள், உளி பிடித்து வேலை செய்பவர் யார் யார்? அவர்களில் ஒருவருக்கு ஆறாம் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.